வெறும் வயிற்றில் வரவும்

வாங்கிக்கங்கக்கா. கூச்சப்படாதீங்க. பொங்கலும் ஒரு வடையும்தான், சூடா இருக்கு. பொட்டலத்து மேல ஒட்டியிருக்கே போட்டோ, அது எங்க அப்பா. பேச்சிமுத்துன்னு பேரு. இன்னிக்கு முதல் தெவசம். இந்த ஆஸ்பத்திரியிலதான் போனார், மேல ரெண்டாவது மாடியில.

தோள் பக்கம் கறுப்பா ஒரு துணி தெரியுதில்ல, அது நான். நான்னா என் கவுன். காலேஜ்ல பட்டம் குடுத்தப்ப எடுத்தது. அப்பா தனியா நின்னு எடுத்த போட்டோ வீட்டுல ஒண்ணுகூட இல்ல. ஸ்டுடியோக்காரர் என்னை வெட்டிட்டு அவரை மட்டும் எடுத்துக் குடுத்தார். முழுசா வெட்ட வரலைன்னார்.

என்னக்கா, வேண்டாமா? ஓ, டெஸ்டா. காட்டுங்க அந்தச் சீட்டை. அட, இதே சீட்டுதான், இன்னும் மாத்தலை. ‘காலை வெறும் வயிற்றில் வரவும்.’ யாருக்குக் குடுக்கறீங்க? தம்பிக்கா? எத்தனை வயசு அவருக்கு? இருபத்தாறா! என்னைவிட ரெண்டு வயசுதான் மூத்தவர். ரெண்டு கிட்னியும் போயிருச்சா. உங்க வீட்டுக்காரர் சம்மதிச்சாரா? அது பெரிய விஷயம்க்கா.

இந்த டெஸ்ட் செவ்வாய்லதானே எடுப்பாங்க, அப்போ இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. பாருங்களேன், தெவசத்துக்கு நாள் பாத்துச் சொன்னாங்க, நான் தேதியைத்தான் குறிச்சுக்கிட்டேன், கிழமையைக் கவனிக்கலை. வந்து நின்ன இடமும் இந்த ரூம் வாசலாப் போச்சு.

எட்டரைக்குத்தான் கூப்பிடுவாங்க, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. நான் இப்படி உக்காரட்டுமா? நாற்பது பொட்டலம் கொண்டுவந்தேன், உங்களோடதுதான் கடைசி. மத்தவங்க பெரும்பாலும் மத்தியானம்தான் குடுப்பாங்க. நான் காலையிலதான்னு முடிவு பண்ணினேன். கூட இருக்கறவங்களுக்குக் காலையிலதான் வயிறு காயும். நான் எட்டு மாசம் இங்க கிடந்தவன், எனக்குத் தெரியும்.

நான் நன்றி மறக்காதவன்க்கா. என்னைப் பத்தி வேற எதைப் பெருமையாச் சொல்லிக்க முடியுமோ தெரியலை, அதை மட்டும் சொல்லிக்குவேன். போன வருஷம் மாதிரி ஒரு வருஷம் எதிரிக்கும் வரக்கூடாது. படிச்சு முடிச்சு வேலைக்கு எழுதிப் போட்டுக்கிட்டிருக்கேன், அப்பா கால் வீங்கி உப்பளத்துலேயே விழுந்துட்டார். நாற்பது வருஷம் உப்பு வாரினவர். இங்க வந்ததும் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, இனிமே உப்பு தொடக்கூடாது. அப்பா சிரிச்சுட்டார். “கையால தொடலாமா, வாயால தொடக்கூடாதா?”ன்னு கேட்டார். அப்படிப்பட்ட வருஷத்துலயும் நாலு பேர் எனக்குச் சோறு போட்டாங்க. அந்த நாலு சாப்பாட்டையும் நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

திங்கள், வியாழன் டயாலிசிஸ். அப்பா கட்டில் பக்கத்துச் சுவர்ல நகத்தால கோடு போட்டு வெப்பார். நர்ஸ் தப்பா நாள் சொன்னாக்கூட, “இல்லம்மா, இன்னிக்குப் புதன்”னு திருத்துவார். அவ்வளவு கணக்கா இருந்தார்.

அப்புறம் ஒருநாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, “சொந்தத்துல யாராவது ஒரு கிட்னி குடுத்தா நல்லது”ன்னார். அம்மாதான் முதல்ல நின்னாங்க. சுகர் இருக்குன்னு அனுப்பிட்டாங்க. சித்தப்பா கோவில்பட்டியில இருந்து வந்தார், “என் அண்ணனுக்கு நான் குடுக்கேன், எழுதிக்கச் சொல்லுல”ன்னார். நான்தான் சொன்னேன், “நான் இருக்கேன் சித்தப்பா, உங்களுக்குப் பொட்டப் பிள்ளைக மூணு இருக்கு, நீங்க போங்க.” வார்டே கேட்டுக்கிட்டிருந்துச்சு. அம்மா என் தலையைத் தடவிக் குடுத்தாங்க. அப்பா மட்டும் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டார். “படிச்ச பிள்ளை உடம்புல எனக்காகக் கத்தி வெப்பாங்களோ?”ன்னு சுவத்துக்கிட்டச் சொன்னார். நான், “ஒண்ணும் ஆகாதுப்பா”ன்னேன்.

சீட்டு குடுத்தாங்க. செவ்வாய்க்கிழமை, வெறும் வயிறு. இதே பெஞ்சுதான்னு நினைக்கறேன்.

முதல் செவ்வாய். விடிஞ்சதும் வந்து உக்காந்துட்டேன். ஏழு மணிக்கு ஒரு வேன் வந்துச்சு. வெள்ளை வேட்டியில ஒரு பெரியவர், அறுபது வயசிருக்கும், எல்லார் முன்னாலயும் போய்க் குனிஞ்சு குனிஞ்சு குடுக்கறார். பொட்டலத்து மேல ஒரு பாட்டி படம். ‘வடிவம்மாள், ஆறாம் ஆண்டு நினைவு.’ எனக்கு முன்னால வந்து ரெண்டு கையாலயும் நீட்டினார். “எங்க அம்மா பேர்ல, தம்பி.” டெஸ்ட் இருக்குன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா செத்தவங்க பேர்ல குடுக்கற சோத்தை வேண்டாம்னு சொல்லக்கூடாதில்லையா? எங்க ஊர்ப்பக்கம் அது பெரிய பாவம்க்கா. நாம சாப்பிட்டாத்தான் அவங்க பசி அடங்கும்பாங்க. அந்த மனுஷன் வேற நகராம நின்னு என் முகத்தையே பாக்கறார். பிரிச்சேன். நாலு இட்லி, கொஞ்சம் கேசரி. நெய் வாசனை. அதுக்கு முந்தின வாரம் பூரா நான் பன்னும் டீயுமா ஓட்டினவன். வடிவம்மாள்னு ஒருத்தவங்க இருந்தாங்கன்னே எனக்குத் தெரியாது, அவங்க எனக்குச் சோறு போட்டுட்டாங்க. கண்ணு கலங்கிருச்சு.

எட்டரைக்கு உள்ள போனேன். கண்ணாடி போட்ட சிஸ்டர் ஒருத்தங்க, தலை நிமிராமலே, “சாப்பிட்டியா?”ன்னாங்க. “சாப்பிட்டேன் சிஸ்டர்.” நிமிர்ந்து பாத்து, “சீட்டுல என்ன எழுதியிருக்கு? படிக்கத் தெரியுமா?” “பி.எஸ்ஸி. சிஸ்டர்.” பின்னால நின்னவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. “பி.எஸ்ஸி. அடுத்த செவ்வாய் வாங்க”ன்னாங்க. நானும் சிரிச்சேன். பொய் சொல்லியிருக்கலாம், இல்லைன்னு சொல்லி ரத்தம் குடுத்திருக்கலாம். ஆனா அப்பா விஷயத்துல பொய் சொல்லி ஏதாவது தப்பா வந்துட்டா? எனக்கு அந்தப் பழக்கம் இல்லக்கா.

நீங்க மணியைப் பாக்காதீங்க. நான் பாத்துக்கறேன். பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க.

ரெண்டாவது செவ்வாய். இது வேற மாதிரி. அப்பாவுக்கு அடுத்த கட்டில்ல ஒரு மீன்பிடிக்கறவர் இருந்தார், அவர் சம்சாரம் பேர் ரெஜினா. ரெஜினாக்கான்னுதான் கூப்பிடுவேன். ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பாத்துட்டு, காலையில முதல் பஸ்ல சோறோட வருவாங்க. அன்னிக்கு அவங்க பஸ்ல வந்துக்கிட்டிருக்கும்போது அவர் போயிட்டார். வந்தாங்க, பாத்தாங்க. அழலை. கட்டிலைத் திரை போட்டு மறைச்சிருந்தாங்க, வெளியே தரையில உக்காந்துட்டாங்க. மடியில தூக்குச்சட்டி.

நான் டெஸ்டுக்குக் கிளம்பி நிக்கறேன். என்னைக் கூப்பிட்டு, “இங்க வாய்யா”ன்னாங்க. மூடியைத் திறந்தாங்க. சோறும் சாளை மீன் குழம்பும். “அவருக்குன்னு உப்பில்லாம வெச்சேன். இனி யார் சாப்பிட? நீ சாப்பிடு.”

சொல்லுங்கக்கா, நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

இல்ல, சொல்லுங்க.

ஆங். யாரா இருந்தாலும் சாப்பிடத்தான் செய்வாங்க. நான் தரையில உக்காந்து முழுசாச் சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடலை. அவங்க என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க. உப்பில்லாத குழம்பு அவ்வளவு ருசியா இருக்கும்னு நான் நினைச்சதே இல்லை. அப்படியொரு ருசி. சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் அவங்க அழ ஆரம்பிச்சாங்க.

சிஸ்டர்கிட்ட இதைச் சொன்னேன். அவங்க ஒண்ணும் திட்டலை. “சரி, அடுத்த வாரம்”னு மட்டும் சொன்னாங்க. அம்மாதான் திட்டினாங்க. “ஒருவேளை வாயைக் கட்ட முடியலையா உனக்கு? உங்கப்பன் உன்னைப் படிக்க வெக்க எத்தனை வேளை கட்டினார்னு தெரியுமால?” அம்மா படிக்காதவங்க. அந்த நேரத்துல ரெஜினாக்கா முகத்தை அவங்க பாக்கலை. பாத்திருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டாங்க.

மூணாவது செவ்வாய். இதைத்தான்க்கா நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்.

வார்டுல காலையில ரொட்டி, பால், ஒரு முட்டை குடுப்பாங்க. நான் கிளம்பறதுக்கு முன்னால அப்பாவைப் பாத்துச் சொல்லிட்டுப் போகலாம்னு நின்னேன். அப்பா அம்மாகிட்ட, “வெந்நி பிடிச்சுட்டு வா”ன்னு பிளாஸ்க்கைக் குடுத்து அனுப்பினார். வெந்நீர் கீழ் மாடியில, வரிசையில நிக்கணும். அம்மா போனதும் முட்டையை எடுத்து உரிச்சார். ஊசி குத்திக் குத்தி கையெல்லாம் கறுத்துக் கிடக்குது. ஒரு துணுக்கு ஓடு ஒட்டாம உரிச்சார். உரிச்சு, என்கிட்ட, “யேய், வாயைத் தொற”ன்னார்.

“எனக்கு டெஸ்டுப்பா”ன்னேன்.

“தொறல”ன்னார்.

பிட்டுப் பிட்டு ஊட்டினார். அப்புறம் ரொட்டியைப் பால்ல தொட்டு அதையும் ஊட்டினார். நான் பொறந்ததுல இருந்து அப்பா எனக்கு ஊட்டினதில்லை. விடியறதுக்கு முன்னால உப்பளத்துக்குப் போயிருவார், திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். அவர் கையால நான் சாப்பிட்டது அந்த ஒரு தடவைதான். இருபத்து மூணு வயசுல. வார்டுல எல்லாரும் பாக்கறாங்க, எனக்கு வெக்கமா வேற இருக்கு. அவர் வேட்டி முனையால என் வாயைத் துடைச்சுவிட்டுட்டு, “சரி, போ”ன்னு படுத்துட்டார். அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினார். மத்தியானம் வரைக்கும் எழுப்ப முடியலை.

என்னது? இல்லக்கா. அவருக்கு அன்னிக்குச் செவ்வாய்க்கிழமைன்னு தெரியாது. உடம்புல யூரியா ஏறிப்போய் இருந்த நேரம் அது, மனசு குழம்பியிருந்தது. டெஸ்டுன்னு நான் சொன்னேன், ஆமா. காதுல விழலை. அம்மாவை அனுப்பினது வெந்நிக்குத்தான், வேற எதுக்கு?

இல்லக்கா, நீங்க நினைக்கற மாதிரி இல்லை. பெத்த பாசம். பசியோட போறானேன்னு குடுத்தார், அவ்வளவுதான். அதுல போய் எதையாவது தேடினா அது அவருக்குச் செய்யற துரோகம்.

வெந்நியோட வந்த அம்மா என் மீசையில பால் ஒட்டியிருந்ததைப் பாத்தாங்க. எங்க ரெண்டு பேரையும் பாத்தாங்க. அதுக்கப்புறம் அவங்க என்கிட்டப் பேசறதே கொறைஞ்சு போச்சு. இன்னிக்கும், “பொட்டலம் குடுக்கப் போறேம்மா, வாங்க”ன்னு கூப்பிட்டேன். “நீ குடு. உனக்குத்தான் சோறு முக்கியம்”னாங்க. முட்டி வலி, மாடி ஏற முடியாது. அதான் வரலை.

மணி எட்டே கால். இருங்க, இன்னும் ஒண்ணுதான்.

நாலு பேர் சோறு போட்டாங்கன்னு சொன்னேனில்ல. மூணுதான் சொல்லியிருக்கேன். நாலாவது யார்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்க இனிமே என்னைப் பாக்கப் போறதில்லை, அதனால சொல்லலாம்.

நாலாவது செவ்வாய்க்கு நான் உஷாரா இருந்தேன். வார்டுல இருந்தாத்தானே யாராவது குடுப்பாங்க, வேன் வந்தாத்தானே நீட்டுவாங்கன்னு விடிகாலையிலேயே வெளியே போயிட்டேன். நேரா நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். ஒரு கிளப்புக் கடை திறந்திருந்துச்சு. உள்ள போய் உக்காந்தேன். யாரும் கூப்பிடலைக்கா. இலை போட்டு, “என்ன வேணும்?”னு கேட்டாங்க. பூரின்னேன். நாலு பூரி. கிழங்கு நல்லா இருந்துச்சு, இன்னும் ரெண்டு கேட்டேன். வாய் நிக்கலை. அந்தக் கடைக்காரரையும் நான் நன்றியோடதான் நினைச்சுக்கறேன். அவரும் சோறு போட்டவர்தானே.

சிஸ்டர் கேட்டாங்க, “சாப்பிட்டியா?”

இந்தத் தடவை நான் கணக்காப் பாத்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குள்ள ஒண்ணு இறங்கிச்சு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் பிரம்பைக் கீழே வெச்சுட்டா இறங்குமே, அந்த மாதிரி. “சாப்பிட்டேன் சிஸ்டர்”னேன்.

அவங்க பேனாவை மூடிட்டு என்னை நல்லாப் பாத்தாங்க. கதவைச் சாத்தச் சொல்லிட்டு, குரலை இறக்கி, “பயமா இருந்தாச் சொல்லுப்பா. தப்பே இல்லை. பொருந்தலைன்னு நாங்களே எழுதிருவோம், யாருக்கும் தெரியாது. வேற ஆளை வரச் சொல்லலாம்”னாங்க. அவ்வளவு அன்பாச் சொன்னாங்க. சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டிருந்தாப் போதும், மத்தியானமே வந்து நின்னிருப்பார்.

“பயமெல்லாம் இல்லை சிஸ்டர். அடுத்த வாரம் கண்டிப்பா”ன்னுட்டு வந்துட்டேன்.

அடுத்த செவ்வாய் வரலை. ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துருச்சு. மூச்சு வாங்கும்போதும் என்னைப் பாத்து, “சாப்டியால?”ன்னுதான் கேட்டார். “சாப்பிட்டேன்ப்பா”ன்னேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

டெஸ்ட் குடுத்திருந்தாலும் ஆபரேஷனுக்கு மாசக்கணக்கா ஆகியிருக்கும், இது அதுக்கு முன்னால வந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். உண்மையாச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரியலை. நான் திரும்பக் கேட்டுக்கலை. சித்தப்பா கொள்ளிக்கு வந்தவர், “நீ பண்ண வேண்டியதைப் பண்ணினய்யா”ன்னு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அம்மா பக்கத்துலதான் நின்னாங்க. காட்டிக் குடுக்கலை. இன்னிக்கு வரைக்கும் அவர்கிட்டச் சொல்லலை. அதுக்கும் நான் அம்மாவுக்கு நன்றி சொல்லணும், இல்லையா?

அதான்க்கா வந்தேன். மாசச் சம்பளத்துக்கு ஒரு காலேஜ் ஆபீஸ்ல உக்காந்திருக்கேன் இப்போ. முதல் வருஷம், நாற்பது பேருக்காவது அப்பா பேரைச் சொல்லிச் சோறு போடணும்னு. வாங்கினதைத் திருப்பிக் குடுக்கணுமில்ல. முப்பத்தொன்பது பேர் வாங்கிக்கிட்டாங்க, ஒருத்தர்கூட மறுக்கலை. ஒரு தாத்தா போட்டோவைக் கண்ணுல ஒத்திக்கிட்டார்.

மாரிச்செல்வின்னு கூப்பிடறாங்க. நீங்கதானே? போங்க, போங்க. அதே சிஸ்டர்தான் இருக்காங்களான்னு தெரியலை. யாரா இருந்தாலும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

ஒரு நிமிஷம்க்கா. இதைப் பையில போட்டுக்கங்க. ரத்தம் எடுத்து முடிச்சதும் தலை சுத்தும், அப்போ ஒரு வாய்... உங்க அம்மா சாப்பாடு கொண்டு வர்றாங்களா? அது இருக்கட்டும். இது எங்க அப்பா பேர்ல குடுக்கறது, இதை மட்டும் நீங்க...

சரிக்கா.

இல்ல, கோவமெல்லாம் இல்லை. வேண்டாம் தம்பின்னு எவ்வளவு சாதாரணமாச் சொல்லிட்டீங்கன்னு பாத்துக்கிட்டு நின்னுட்டேன். போங்க, ரெண்டாவது தடவை கூப்பிடறாங்க.